மூடி போட்ட பொத்தான்

சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமில்லை. மூன்று கருவிகள், அவற்றின் அட்டைப்பெட்டிகள், வயர்கள், ஏழெட்டு மொழிகளில் அச்சடித்த கையேடுகள் என்று கடை பரப்பியிருந்தது. எல்லாம் அண்ணன் வேலை. அவனுக்கு செல்ஃபோன் ரிப்பேர் கடை. எந்தப் பொருளையும் வாங்காமலே நாலு நாள் வீட்டுக்குக் கொண்டுபோய் நோண்டிப் பார்க்க அவனுக்கு மட்டும் எல்லாக் கடைக்காரர்களும் கொடுத்துவிடுவார்கள். அப்படி ஒரு வாய்.

விஷயம் இதுதான். அந்த வீட்டுப் பெண்ணுக்கு வயது இருபத்திரண்டு. 'பட்டாசு' என்றுதான் வீட்டிலும் தெருவிலும் கூப்பிடுவார்கள். வைத்த பெயர் டிரைவிங் லைசென்ஸில் பத்திரமாக இருக்கிறது. கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணை ஒன்றில் டிரைவர் வேலை. இரண்டு வருஷமாக முட்டை அட்டைகளை ஏற்றிக்கொண்டு ஊருக்குள்ளேயே கடை கடையாகச் சுற்றிச் சுற்றி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. போன வாரம் தூரத் தடத்து டிரைவர் முதுகுவலி என்று வண்டியை விட்டு இறங்கிவிட்டார். முதலாளியம்மா பட்டாசைக் கூப்பிட்டுச் சாவியை நீட்டினார்.

பொரித்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுகள் ஆறாயிரம். பதினோரு மணி நேரப் பயணம். நடுவில் நூற்றறுபது கிலோமீட்டருக்குக் கல்லுப் பொட்டல். அங்கே மரம் கிடையாது, பெட்ரோல் பங்க் கிடையாது, ஃபோனில் சிக்னல் என்ற பேச்சே கிடையாது.

"ஒரு மாசம் ஓட்டிக் காட்டு," என்றார் முதலாளியம்மா. "குஞ்சு சாகாம கொண்டுபோய்ச் சேர்த்தேன்னா தடம் உனக்கு. இல்லேன்னா திரும்ப முட்டை அட்டைதான். அப்புறம், சேட்டிலைட்ல பேசற அவசரக் கருவி இல்லாம பொட்டலுக்குள்ள யாரையும் நான் விடறதில்ல. எந்தக் கருவின்னு நீயே பாத்து எடு. ஓட்டப் போறது நீதானே."

நீயே பார்த்து எடு என்று அவர் சொல்லிவிட்டார். வீட்டில் அப்பா என்று ஒருவர் இருக்கிறாரே!

அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து இருபத்தெட்டு வருஷமாக எழுதுகிறவர். ஒரு பஸ் அரைமணி தாண்டியும் வரவில்லை என்றால், என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு உட்கார மாட்டார். மாற்று வண்டியை அனுப்பிவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார். வேலையில் அது சரி. வீட்டிலும் அதே கதை என்றால் என்ன செய்வது? பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து வர எட்டு நிமிஷம் என்றால் ஒன்பதாவது நிமிஷம் வாசலில் நின்று தெருவைப் பார்ப்பார். பட்டாசுக்கு மானம் போகும்.

அண்ணன் முதலில் செங்கல் அளவில் இருந்த ஒரு வாக்கி-டாக்கியைத் தூக்கிக் காட்டினான். "இது சூப்பர் பீஸு. பத்து கிலோமீட்டர் வரைக்கும் பேசலாம்."

"பொட்டல்ல பத்து கிலோமீட்டருக்குள்ள யார் இருக்கா? ஓணான்கூடவா பேசறது?" என்றாள் பட்டாசு. செங்கல் மேஜையை விட்டு இறங்கியது.

அவள் கை ஏற்கனவே ஆரஞ்சு நிறத்தில் இருந்ததன் மேல்தான் இருந்தது. உள்ளங்கை அளவு. தலையில் ஒரு சின்ன மூடி. திறந்தால் உள்ளே சிவப்புப் பொத்தான்.

"நாமளா மூடியத் திறந்து அழுத்தினாத்தான் வேலை செய்யும்," என்றான் அண்ணன். "தெரியாம கை பட்டுடக் கூடாதுன்னுதான் மூடி. அழுத்தினா நேரா மீட்பு நிலையத்துக்குப் போகும், எந்த இடம்னும் சேர்ந்து போகும். சின்னச் சின்னதா சேதி தட்டி வீட்டுக்கும் அனுப்பலாம். வீட்டுலேர்ந்தும் பதில் போடலாம்."

"அழுத்தலேன்னா?" என்றார் அப்பா.

"ஒண்ணும் போகாது."

"அப்ப இவ நல்லா இருக்காளா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நல்லா இருந்தா அழுத்த மாட்டேம்பா," என்றாள் பட்டாசு.

"மயங்கிக் கிடந்தாலும் அழுத்த மாட்டியே!"

இதுதான் அப்பாவிடம் கஷ்டம். அவர் பேச்சில் எப்போதும் அரைக் கிலோ நியாயம் கலந்திருக்கும். மிச்சமெல்லாம் பிடிவாதம். ஆனால் அந்த அரைக் கிலோவை வைத்தே எதிராளி வாயை அடைத்துவிடுவார்.

மூன்றாவது ஒரு கறுப்புப் பெட்டி. அதைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வண்டி எங்கே இருக்கிறது என்று அவர் ஃபோனில் ஒரு புள்ளி விழும். அரைமணிக்கு ஒரு தடவை பெட்டி 'கீங்' என்று கத்தி, நலமா என்று கேட்கும். டிரைவர் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். பத்து நிமிஷத்துக்குள் அழுத்தவில்லை என்றால் வீட்டுக்குச் சிவப்புச் சேதி வரும். வீட்டு ஆள் மீட்பு நிலையத்தைக் கூப்பிட்டு ஆளை அனுப்பலாம்.

"இதான்!" என்று மேஜையைத் தட்டினார் அப்பா. "பஸ் ஸ்டாண்டுக்கே இது இல்ல!"

"நான் பஸ் இல்லப்பா."

"பஸ்ஸுக்கே இவ்வளவு பாக்கறேன், பொண்ணுக்குப் பாக்க வேண்டாமா?"

பட்டாசு அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் பூராவும் வந்தவர் கண்ணில் ஒவ்வொரு சில்லாகப் போட்டு, 'இது தெளிவா, அது தெளிவா?' என்று கேட்டுக் கேட்டே பழகியவள். வந்தவர் சொல்வதைத்தான் எழுதிக்கொள்வாள். தன் வாயால் 'இதுதான்' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. இப்போதும் ஆரஞ்சை ஒரு தரம் தொட்டாள், கறுப்பை ஒரு தரம் தொட்டாள். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

பட்டாசு ஒற்றைக் காலில் நின்றிருப்பாள். ஆனால் மீட்பு நிலையத்தில் வண்டியைப் பதிவு செய்ய இரண்டு பேர் கையெழுத்து வேண்டும்: ஒன்று வேலை கொடுத்தவர், இன்னொன்று வீட்டு ஆள். கறுப்புப் பெட்டி இல்லாமல் கையெழுத்து இல்லை என்று அப்பா சட்டமாக உட்கார்ந்துவிட்டார். அப்பாவை மீறி அண்ணன் பேனாவையே தொட மாட்டான். மறுநாள் விடிந்தால் முதல் லோடு. சரி, ஒழியட்டும் என்று விட்டுக்கொடுத்தாள். அவள் வாழ்க்கையிலேயே உருப்படாத காரியம் எது என்று கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் சொல்வாள்.

குஞ்சு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ரேடியோ கிடையாது, பாட்டு கிடையாது. முதுகுக்குப் பின்னால் குஞ்சுகள் போடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் ஓட்ட வேண்டும். சௌகரியமாக இருந்தால் முணுமுணு என்று பேசிக்கொண்டே வரும். குளிரோ சூடோ தாங்கவில்லை என்றால் வீல் வீலென்று கத்தும். கத்தினால் நிறுத்திப் பார்க்க வேண்டும். எப்போது கத்தும் என்று எந்தக் கால அட்டவணையிலும் போட முடியாது.

அப்பா போட்டிருந்தார். பதினான்கு இடங்கள், பதினான்கு நேரங்கள், கட்டம் கட்டி, ஸ்கேல் வைத்து.

பொட்டலில் பாதி தூரம் போனபோது வெயில் மண்டையைப் பிளந்தது. பின்னாலிருந்து குஞ்சுகள் ஒரேயடியாகக் கத்த ஆரம்பித்தன. பெட்டிகளுக்குக் காற்றடிக்கும் காற்றாடி நின்றுவிட்டது. காற்றாடி இல்லை என்றாலும் வண்டி ஓடினால் வண்டியின் பக்கவாட்டில் திறந்து மூடுகிற மடிப்புகள் வழியாகக் காற்று புகும். ஆனால் பெட்டிகள் நெருக்கி அடுக்கியிருந்ததால் அந்தக் காற்று உள்ளே போகாது. பிரித்து, சந்து விட்டு அடுக்க வேண்டும். கொஞ்ச தூரத்தில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு ரயில் பாலம் தெரிந்தது. அதன் நிழலில் வண்டியைச் சொருகினாள்.

அறுபது பெட்டிகள். ஒவ்வொன்றிலும் நூறு உயிர். கயிற்றை அவிழ்த்து, இறக்கி, சந்து விட்டு மறுபடி அடுக்கி முடிக்க நாற்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. முதுகு விட்டுப்போயிற்று. நடுவில் கறுப்புப் பெட்டி கத்தியபோதெல்லாம் ஓடிப்போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். பாலத்தின் கான்கிரீட்டுக்கு அடியில் அந்தப் பெட்டிக்கு வானமே தெரியாது, அவள் அழுத்தியது எங்கேயும் போகவில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை. பட்டாசுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஆறாயிரம் பேரும் உக்காருங்க, கிளம்பறோம்!" என்று சொல்லிக்கொண்டே சாவியைத் திருகினாள். அப்போதுதான் சைரன் கேட்டது.

பொட்டல் நடுவிலேயே முகாம் போட்டிருக்கும் மீட்பு வண்டி. இரண்டு பேர். நல்ல மனுஷர்கள்தான், அவர்களைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர் கொடுத்தார்கள், நாடி பிடித்துப் பார்த்தார்கள். "எனக்கு ஒண்ணும் இல்ல சார், வண்டிய எடுக்கணும், நின்னா குஞ்சு செத்துடும்," என்று தொண்டை கிழியச் சொன்னாள். "புரியுதும்மா. ஆனா ஆபத்துன்னு வீட்டுலேர்ந்து கூப்பிட்டிருக்காங்க. பாத்து, விசாரிச்சு, எழுதி, நிலையத்துல சரின்னு சொன்னாத்தான் விட முடியும்," என்றார் மூத்தவர். நிலையத்தில் சரி என்று சொல்ல ஒரு மணி நேரம் ஆயிற்று. வண்டி நின்றது. காற்று நின்றது. பின்னால் கத்தல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. குறைந்தது என்றால் நல்லதற்கில்லை என்று அவளுக்குத் தெரியும். அவர்கள் முன்னாலேயே நின்று அழுதாள்.

செத்தது நானூற்றுப் பன்னிரண்டு.

மறுநாள் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. "பாத்தியா? பாத்தியா? புள்ளி நின்னுச்சு, பச்சை வரல, அரைமணி பாத்தேன், அடிச்சேன் ஃபோனை. எப்படி வந்தாங்க பாத்தியா! பஸ் ஸ்டாண்டு பூரா இன்னைக்கு அதே பேச்சு."

"யார் உங்களைக் கூப்பிடச் சொன்னது?"

"யார் சொல்லணும்? பெத்தவன்."

"நானூத்திப் பன்னெண்டு குஞ்சுப்பா. வெயில்ல காப்பாத்தி வெச்சிருந்தேன், ஒண்ணுகூடப் போகல. நீங்க அனுப்பின ஆளுங்கதான் நிறுத்தி வெச்சுக் கொன்னாங்க!"

"கோழிக்குஞ்சு முக்கியமா, நீ முக்கியமா?"

"நான்தான் நல்லா இருந்தேனே! நல்லா இருந்தவளை எதுக்குக் காப்பாத்தினீங்க?"

 பட்டாசு கறுப்புப் பெட்டியைக் கழற்றி எடுத்து வந்திருந்தாள். அதை அண்ணன் மடியில் போட்டாள். "இதைக் கடையில குடுத்துடு. அந்த ஆரஞ்சை எடுத்துட்டு வா. இன்னைக்கே."

அண்ணன் அப்பாவைப் பார்த்தான்.

"அவரை எதுக்குப் பாக்கற? ஓட்டறது அவரா?"

முதலாளியம்மா செத்த குஞ்சுகளைப் பற்றி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு காகிதத்தை நீட்டினார். மீட்பு நிலையத்திலிருந்து வந்தது. தேவையில்லாத அழைப்பு, முதல் தடவை என்று எழுதியிருந்தது.

"இன்னொரு தடவை இப்படி நடந்தா என் வண்டிய அவங்க பட்டியல்லேர்ந்து எடுத்துடுவாங்க. அப்புறம் பொட்டல் பக்கமே என் வண்டி போக முடியாது. உன் ஒருத்தி சமாச்சாரம் இல்ல இது, பண்ணையோட சமாச்சாரம்," என்றார். "காற்றாடிய மாத்திட்டேன். வண்டியையும் காற்றாடியையும் நான் பாத்துக்கறேன். உங்கப்பாவ நீ பாத்துக்க. முடியலேன்னா இப்பவே சொல்லு, முட்டை அட்டை காத்திட்டிருக்கு."

"முடியும்," என்றாள் பட்டாசு. சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் மேஜையில் ஆரஞ்சுக் கருவி ஒன்றுதான் இருந்தது. பக்கத்தில் புதுப் பதிவுப் படிவம். அதில் தெளிவாகப் போட்டிருந்தது: பொத்தான் அழுத்தப்பட்டால் ஆள் போகும், இல்லாவிட்டால் கீழே கையெழுத்திட்ட இருவரில் ஒருவர், பதிவு செய்த தன் ஃபோனிலிருந்து கூப்பிட்டால் போகும். வேறு யார் கூப்பிட்டாலும் போகாது. முதலாளியம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். வீட்டு ஆள் என்ற இடம் காலியாக இருந்தது.

"நான் போட மாட்டேன்," என்றார் அப்பா.

"உங்களை யாரும் கேக்கல. உங்க பேரு இதுல வரவே கூடாது."

 அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். பேசியபோது குரல் கம்மியிருந்தது.

"இருபத்தெட்டு வருஷத்துல மூணு பஸ் திரும்பி வரலடி. காலையில நான்தான் கை காட்டி அனுப்பினேன். மூணு பஸ்ஸுக்கும் வந்த நேரம் எழுதற கட்டம் இன்னும் காலியாத்தான் இருக்கு. நீ கண்ணுல படலேன்னா எனக்கு அந்தக் கட்டம்தான் ஞாபகம் வருது. மூச்சு முட்டுது."

 அப்பா பொய் சொல்லவில்லை. அவர் பயம் நிஜம். பட்டாசுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் போன தடவை விட்டுக்கொடுத்ததற்கு நானூற்றுப் பன்னிரண்டு குஞ்சு போயிற்றே!

"அது உங்க மூச்சுப்பா," என்றாள். "அதுக்காக என் வண்டிய நிறுத்தாதீங்க. நான் மாட்டிக்கிட்டா அழுத்துவேன். சத்தியமா அழுத்துவேன், வீம்புக்காகச் சாக மாட்டேன். மயங்கி விழுந்தா? விழலாம். மாடிப்படியிலகூட விழலாம், அதுக்காக வீட்டுக்குள்ள அரைமணிக்கு ஒரு தரம் கூப்பிடறீங்களா? பொட்டல் தாண்டினதும் ஒரு சேதி போடுவேன். நடுவுல கிடையாது."

"எத்தனை மணிக்குத் தாண்டுவே?"

"தாண்டறப்போ."

"ஒரு மணிக்குத் தாண்டிடலாம்," என்று அப்பா தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொண்டார். "கையெழுத்துக்கு என்ன பண்ணுவே? ரோட்டுல போறவனைக் கேப்பியா?"

"எங்கிட்ட குடு," என்றாள் அம்மா.

அப்பா, அண்ணன், பட்டாசு மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து படிவத்தை இழுத்தாள். கையெழுத்தையும் ஃபோன் நம்பரையும் நிறுத்தி நிதானமாகப் போட்டாள்.

அப்பா சிரித்தே விட்டார். "நீயா? ஒரு மணி அடிச்சு சேதி வரலேன்னா நீயே அழுதுட்டு எங்கிட்ட ஃபோனைக் கொண்டாந்து குடுப்பே."

 குக்கர் சத்தம் போட்டது, அம்மா உள்ளே போய்விட்டாள். உண்மையைச் சொன்னால் பட்டாசுக்கும் நம்பிக்கை இல்லை. இத்தனை வருஷத்தில் அம்மா அப்பாவுக்கு எதிராக நின்று அவள் பார்த்தது கிடையாது. அப்பா குரலை உயர்த்தினால் அம்மா கதவோரம் போய்விடுவாள், அவ்வளவுதான் அவள் சண்டை. ஆனால் வேறு ஆள் இல்லை. படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த லோடு. மறுபடி ஆறாயிரம். காற்றாடி நன்றாக ஓடியது, குஞ்சுகள் முணுமுணுத்துக்கொண்டே வந்தன. ஆரஞ்சுக் கருவி கண்ணாடிக்குக் கீழே வானத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடந்தது. அது வாயைத் திறக்காமல் வந்ததே அவளுக்குப் பெரிய நிம்மதி. ரயில் பாலத்தைத் தாண்டும்போது நேரே பார்த்து ஓட்டினாள்.

பாலம் தாண்டிப் பத்து கிலோமீட்டர் போயிருப்பாள். 'டமார்' என்று ஒரு சத்தம், வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. பின் டயர் வெடித்துவிட்டது. மணி பன்னிரண்டேகால்.

இறங்கிப் பார்த்தாள். கல் கிழித்திருந்தது. "உனக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்று டயரை ஒரு உதை விட்டாள். பக்கத்து மடிப்புகளை எல்லாம் திறந்தாள், காற்றாடியைப் பெரிதாக வைத்தாள், ஜாக்கியை எடுத்தாள். ஜாக்கி சரளையில் புதைந்தது. தட்டைக் கல் ஒன்றைத் தேடி எடுத்து வந்து அதன் மேல் வைத்தாள். வண்டி எழும்பிக் கொடுத்தது. வீல் நட்டுதான் கொடுக்கவில்லை. ஆறில் நாலு திரும்பின. இரண்டு துருப்பிடித்துக் கல்லாகியிருந்தன. ஸ்பேனர் மேல் ஏறி நின்றாள். குதித்தாள். வாய்க்கு வந்தபடி திட்டினாள். அசையவில்லை.

ஒரு மணி ஆயிற்று. இந்நேரம் அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றேகால். இந்நேரம் அம்மாவிடம் போயிருப்பார்.  ஒரே ஒரு அழைப்பு போதும். சைரன் வரும், எழுதுவார்கள், வண்டி நம்பர் பட்டியலிலிருந்து போகும். தடம் போகும், பண்ணையின் பிழைப்பில் மண் விழும். ஒரு சேதி தட்டிவிடலாமா? டயர் வெடித்தது என்று ஒரு வார்த்தை போனால் அப்பா கையில் அது போதாதா, ஊரையே கூட்டிவிட மாட்டாரா? வெயிலில் நட்டும் திரும்பாமல் நிற்கிற பெண் என்றால் அம்மாவே ஆடிப்போய்விடுவாள்.

கை ஆரஞ்சுக் கருவியை எடுத்தது. கட்டை விரல் மூடிமேல் போய் நின்றது. மாட்டிக்கொண்டால் அழுத்துவேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். 'இது ஆபத்தா?' என்று தன்னையே கேட்டாள். தண்ணீர் இரண்டு கேன் இருக்கிறது. கை கால் நன்றாக இருக்கிறது. குஞ்சுகள் முணுமுணுக்கின்றன. இது ஆபத்து இல்லை. இரண்டு நட்டு, அவ்வளவுதான். விரலை எடுத்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்குத் தூரத்தில் புழுதி கிளம்பியது.  அம்மா ஃபோனைக் கொடுத்துவிட்டாள், அம்மாவும் கொடுத்துவிட்டாள் என்று கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. புழுதிக்குள்ளிருந்து வெளியே வந்தது ஒரு கல் லாரி. சைரன் கிடையாது, ஒன்றும் கிடையாது, சக்கரத்துக்குச் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு வந்து நின்றது.

"என்னம்மா, தனியா மாட்டிக்கிட்டியா? நகரு, நான் பண்றேன்," என்று இறங்கினார் லாரிக்காரர்.

"மாட்டிக்கல அண்ணே, டயர் மாத்தறேன். ஸ்பேனர்ல சொருக நீளமா ஒரு பைப் இருந்தா குடுங்க, போதும்."

லாரிக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு ஆள் உயர இரும்புக் குழாயை இழுத்துக் கொடுத்தார். ஸ்பேனர் பிடியில் அதைச் சொருகி, முழு உடம்பையும் போட்டுத் தொங்கினாள். 'கிறீக்' என்றது. திரும்பியது. அடுத்ததும் திரும்பியது. "அப்பாடா!" என்று அவர்தான் கத்தினார். ஸ்டெப்னியை அவளே மாட்டி முறுக்கினாள். குழாயைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தபோது, "வெச்சுக்க, எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மணி மூன்று. பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏழு குஞ்சுகள் போயிருந்தன. ஆறாயிரத்தில் ஏழு என்றால் எந்த டிரைவர் ஓட்டினாலும் போகிற கணக்குதான். சுற்றிலும் பார்த்தாள். ரோட்டின் இரண்டு பக்கமும் வெறும் கானல். இதுவரை யாரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. இரண்டு மணி நேரம் தாமதம். அப்பா கணக்கில் நாலு மாற்று பஸ் அனுப்பியிருக்க வேண்டும்.

சீட்டில் ஏறி உட்கார்ந்து, அழுக்குக் கையோடு எழுத்து எழுத்தாகத் தட்டினாள். 'அம்மா, டயர் வெடிச்சுது. மாத்திட்டேன். குஞ்சு நல்லா இருக்கு. ஒரு மணி நேரத்துல பொட்டல் தாண்டுவேன்.'

அனுப்பிவிட்டு, சாவியைத் திருகாமல் காத்திருந்தாள். பதில் அண்ணனிடமிருந்து வரும் என்று நினைத்தாள். அம்மா சேதி தட்டி அவள் பார்த்ததே இல்லை. எதுவானாலும் அண்ணனிடம் ஃபோனைக் கொடுத்துத் தட்டச் சொல்கிறவள். நாலு நிமிஷம் கழித்துக் கருவி 'டிங்' என்றது. எழுத்துப்பிழையும் இடைவெளியுமாக, அம்மா தன் கையால் தட்டியது.

'ஒரு மணிலேந்து உங்கப்பா ஃபோனக் கேக்கறார். குடுக்கல. கடைய உள்ளேந்து பூட்டிட்டு உக்காந்திருக்கேன். வெளில நின்னு கதவத் தட்டறார். தட்டட்டும். நீ ஓட்டு.'